நெட் மெதுவாக இருக்கிறதா? பெரிய பிளானுக்குப் பணம் கட்டும் முன் வீட்டுக்குள் அளந்து பாருங்கள்

வட சென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி போல நீளமானது. தெருப்பக்கம் ஹால், அதன் பின்னால் ஓர் அறை, அதன் பின்னால் இன்னோர் அறை, கடைசியில் சமையல்கட்டு. நெட் பாக்ஸ் ஹாலில், வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது. மகள் படிப்பது பின் அறையில். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு ஆன்லைன் வகுப்பு. ஆசிரியர் பலகையில் பாதிக் கணக்கு போட்டிருப்பார், படம் அப்படியே நின்றுவிடும், வட்டம் சுற்றும். திரும்ப வரும்போது அவர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். "மேடம், வீட்ல எத்தனை டிவைஸ் கனெக்ட் பண்ணியிருக்கீங்க? ஆறா? அதான் மேடம். 100 எம்பிபிஎஸ் பத்தாது. 300 பிளானுக்கு மாத்திக்கோங்க, ஸ்மூத்தா போகும்" என்றார் எதிர்முனையில் இருந்த பெண். மாற்றினேன். மாதம் 500 ரூபாய் கூடுதல், ஜிஎஸ்டியோடு 590. நான்கு மாதத்தில் 2,360 ரூபாய். பின் அறையில் வட்டம் முன்பு போலவே சுற்றியது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பின் அறையில் நாங்கள் வைத்திருந்த பழைய ரவுட்டருக்கு 100-க்கு மேல் வாங்கவே முடியாது. அதன் வைஃபையோ அக்கம்பக்கத்து இருபது வைஃபைகளோடு முட்டி மோதி 7, 8 எம்பிபிஎஸ்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி 300 அல்ல, 1000 கொடுத்திருந்தாலும் மகளின் போனுக்கு அந்த 8-தான் வந்திருக்கும். போனில் பேசிய பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் என் பிளான் தெரியும், என் வீட்டுச் சுவர் தெரியாது. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பிளானை மாற்றச் சொல்வதுதான் அங்கே வழக்கம் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம். 590 ரூபாய் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு ஒரு வாரத்துக் காய்கறியும் பாலும்.

அதனால் புதிதாக நெட் போட்டவர்களுக்கும், போடப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: மெதுவாக இருந்தால் முதலில் அது எந்த இடத்தில் மெதுவாகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு மாலைப் பொழுது போதும்.

உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை

பிளானில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. போனில் படம் இறங்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் (எம்பி). 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு ஃபைல் நொடிக்கு 12 எம்பி வேகத்தில் இறங்கினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. "நூறு சொன்னான், பன்னெண்டுதான் வருது" என்று சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவுப்படி ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. வீடியோ வகுப்புக்கு 3, 4 தாராளம். டிவியில் ஒருவர் 4கே படம், இரண்டு பேர் போனில் எச்டி, ஒருவர் வகுப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 30-ஐச் சுற்றித்தான் வரும். நால்வர் உள்ள வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் போதும், 100 மிச்சம். "ஆறு டிவைஸ் இருக்கிறது" என்பது ஒரு காரணமே இல்லை. சும்மா மேசைமேல் கிடக்கும் போன் வேகத்தைத் தின்னாது.

முதல் வேலை: பாக்ஸைப் பாருங்கள்

ஃபைபர் இணைப்பு என்றால் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் ஒரு பாக்ஸ் இருக்கும். ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்பார்கள், நம் வீடுகளில் மோடம். அதில் 'பான்' (PON) என்று ஒரு விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். 'லாஸ்' (LOS) என்ற விளக்கு எரியவே கூடாது. அது சிவப்பாகச் சிமிட்டினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பலன் இல்லை, கம்ப்ளைன்ட்தான்.

லாஸ் விளக்கு எரியாமலே ஒளி பலவீனமாக வருவதும் உண்டு. அதை மாடி வீட்டு ஆயா வீட்டில் பார்த்தேன். அவர்களுக்குப் பகலில் நெட் நன்றாக இருக்கும், இரவில் விட்டு விட்டு வரும். மூன்று மாதமாக இதே கதை, பாக்ஸையே மாற்றிப் பார்த்தாயிற்று. ஒரு நாள் வந்த டெக்னீஷியன் தம்பி பாக்ஸிலிருந்து ஃபைபர் முனையைக் கழற்றி, ஒளியின் பலத்தை அளக்கும் கையடக்கமான பவர் மீட்டரில் சொருகினார். மைனஸ் 29 காட்டியது. மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக் கூட ஒளி பலவீனம். "அக்கா, மைனஸ் 25-க்குள்ள இருந்தா நல்லது. 27, 28-ஐத் தாண்டினா பாக்ஸ் திணறும்" என்றார். பிறகு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஜன்னல் சட்டத்தருகே விரல் நின்றது. ஃபைபர் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. ஆயா ராத்திரி கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் கதவின் இரும்பு விளிம்பு அந்த ஒயரை மடித்து அழுத்துகிறது. தம்பி ஜன்னலைத் திறந்தார், மைனஸ் 21. சாத்தினார், மைனஸ் 29. ஆயா தானும் ஒரு தடவை சாத்தித் திறந்து அந்த எண் ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். சட்டத்தில் சின்னத் துளை போட்டு ஒயரை அதன் வழியாக விட்டதோடு மூன்று மாதத் தொல்லை முடிந்தது.

ஃபைபருக்குள் இருப்பது முடி அளவு கண்ணாடி இழை. அது ஒடியாமலே இருக்கலாம், ஆனால் கூர்மையாக வளைந்தால் ஒளி அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். ஆகவே உங்கள் வீட்டிலும் ஃபைபர் வரும் வழியைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்களா, பீரோவின் கால் ஏறியிருக்கிறதா, மிச்ச ஒயரைச் சின்ன வளையமாகச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். முனையை மட்டும் நீங்களே பிடுங்கிப் பார்க்க வேண்டாம். தூசி பட்டாலும் கெடும், அந்த ஒளியை நேராகப் பார்ப்பது கண்ணுக்கும் நல்லதல்ல.

இரண்டாவது: லேன் ஒயர் சொருகி அளப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். கஸ்டமர் கேர் எதுவும் சொல்லும் முன் இந்த ஓர் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு லேப்டாப்பை எடுத்து, பாக்ஸின் லேன் துளையில் நேராக ஒயர் சொருகுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். மற்ற போன்கள், டிவி எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு வேகம் அளக்கும் தளம் ஒன்றைத் திறந்து மூன்று முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட்டில் சர்வரை மாற்றிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது பல நேரம் உங்கள் கம்பெனியின் சொந்த சர்வரையே தேர்ந்தெடுக்கும். அங்கே வேகம் பிரமாதமாகக் காட்டும், வெளியே போனால் இருக்காது. நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காமிலும் ஒரு முறை பாருங்கள். லேப்டாப் இல்லாதவர்கள் பாக்ஸிலிருந்து நாலடி தூரத்தில் போனை வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (இது என்ன என்று கீழே வைஃபை பகுதியில் சொல்கிறேன்) அளக்கலாம். துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனாலும் உதவும்.

100 எம்பிபிஎஸ் பிளானுக்கு ஒயரில் 94 சுற்றி வந்தால் கம்பெனி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கோளாறு உங்கள் வைஃபையில். 200, 300 பிளான் வைத்துக்கொண்டும் எண் அதே 94-இல் அசையாமல் நின்றால், நடுவில் ஏதோ ஒன்று 100 வரம்போடு இருக்கிறது. பழைய ரவுட்டரின் துளையாக இருக்கலாம், லேப்டாப்பின் துளையாக இருக்கலாம், ஒயராகவும் இருக்கலாம். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள். 100-க்கு நான்கு போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். அவசரத்தில் நான்கை மட்டும் முனையில் கோத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் வண்ணக் கம்பிகளை நீங்களே எண்ணலாம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றும் பாருங்கள். உப்புக் காற்றில் அந்தப் பிளக்கின் செப்புப் பற்கள் பச்சை பிடித்துவிடும். முனையை வெட்டிப் புதிய பிளக்கை அழுத்திப் பொருத்தினாலே (கிரிம்ப் செய்வது என்பார்கள்) சரியாகும்.

ஒயரிலும் வேகம் வராவிட்டால்தான் அது கம்பெனியின் பிரச்சினை.

மூன்றாவது: வைஃபை

எங்கள் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும். ஹவுசிங் போர்டு பிளாக் என்றால் கேட்கவே வேண்டாம். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது, முப்பது பெயர்கள் வரிசையாக வரும். நம் வீட்டு வைஃபைக்குப் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலை. 2.4-இல் ஒன்றோடு ஒன்று முட்டாத சேனல்கள், அதாவது பாதைகள், மூன்றுதான்: 1, 6, 11. அந்த முப்பது வீடும் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே ஆட்டோ ஓட்டுவது போல.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் நிறைய, வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும்போது பலம் குறையும். பழைய வீடுகளின் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் சிக்னல் நூலாகிவிடும். இரும்பு பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி எல்லாம் அலையைத் தடுப்பவை. பாக்ஸை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும், பீரோ மேல் துணி மூட்டைக்கு நடுவில் வைப்பதும் நம் வீடுகளில் சகஜம். அதை எடுத்து, எல்லோரும் புழங்கும் இடத்துக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு வேலையோடு பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

பாக்ஸில் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் பல சமயம் மெதுவானதையே பிடித்துத் தொங்கும். ரவுட்டரின் அட்டையில் 192.168.1.1 போல ஒரு முகவரி ஒட்டியிருக்கும். அதை பிரவுசரில் திறந்து இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயரைத் தொட்டால் 'லிங்க் ஸ்பீட்' என்று வரும். அது 72 என்று காட்டினால் நீங்கள் 2.4-இல் இருக்கிறீர்கள், கைக்குக் கிடைப்பது அதில் பாதிதான். 300, 400 என்று காட்டினால் 5-இல் இருக்கிறீர்கள்.

அந்த முகவரிக்குப் போன கையோடு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நம் தெருவில் யாராவது பிள்ளை வந்து "அக்கா, வைஃபை பாஸ்வேர்ட் கொஞ்சம் சொல்லுங்க" என்றால் நமக்கு மறுக்க மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் ஒருவருக்குச் சொன்னது பத்துப் பேருக்குப் போய்விடும். எத்தனை போன்கள் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

பின் அறைக்கு என்ன செய்வது? இங்கேதான் மாத வாடகைக்கு எக்ஸ்டெண்டர் தருகிறோம் என்று வருவார்கள். விலை குறைந்த ரிப்பீட்டர் வாங்கிய அலையையே திருப்பி விடுவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். எங்கள் வீட்டில் நான் செய்தது வேறு. ரிச்சி தெருவுக்குப் போய் கேட் 6 வகை லேன் ஒயர் 15 மீட்டர் வாங்கினேன். கடையிலேயே இரண்டு முனையும் கிரிம்ப் செய்து, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிவதைக் காட்டித் தந்தார்கள். அதைச் சுவர் ஓரமாக பின் அறை வரை இழுத்து, பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு இரண்டு அலையும் உள்ள ஒரு சாதாரண ரவுட்டரை வைத்தேன். 300 பிளானை விட்டு 100-க்குத் திரும்பினேன். மகள் போனில் இப்போது 90 வருகிறது. அவள் வகுப்பு நிற்காமல் ஓடிய முதல் நாள் நான் சமையல்கட்டிலிருந்து மூன்று முறை எட்டிப் பார்த்தேன்.

எண் நன்றாக இருந்தும் வீடியோ அழைப்பு மட்டும் திக்கினால் அப்லோடை, அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகத்தை, சந்தேகப்படுங்கள். யாராவது ஒருவரின் போன் கல்யாண வீடியோ முழுவதையும் கிளவுடில் (நெட்டில் உள்ள சேமிப்பு இடத்தில்) ஏற்றிக்கொண்டிருக்கும், அல்லது வாசல் கேமரா இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். தளங்கள் திறக்கத் தாமதமாகி, திறந்தபின் வேகமாக ஓடினால் டிஎன்எஸ்-ஐ (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

நான்காவது: நேரம் குறித்துக்கொள்வது

மூன்று நாளுக்கு, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதரைக்கும் ஒயரில் அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காலையில் 94, இரவில் 15 என்றால் அது நெரிசல். ஃபைபர் இணைப்பில் ஒரு இழையை வழியில் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அந்த இழை முழுவதற்கும் கீழிறங்கும் வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். அதற்கும் மேலே, தெருவிலிருந்து வெளியுலகத்துக்குப் போகும் லைனை ஆபரேட்டர் எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறார் என்பது இன்னொரு விஷயம். அது போதாமல் இருந்தால் நீங்கள் 300-க்கு மாறினாலும் அதே நெரிசலில்தான் நிற்பீர்கள். இரவில் மட்டும் மெதுவானால் பெரிய பிளான் வாங்காதீர்கள். இது என் உறுதியான கருத்து.

மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் வேறு காரணம். 'அன்லிமிடெட்' என்று சொன்னாலும் பல பிளான்களில் மாதம் 3300 ஜிபி போல ஓர் அளவு இருக்கும், மலிவான பிளான்களில் அதைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். கம்பெனி ஆப்பில் எவ்வளவு செலவானது என்று பாருங்கள்.

கம்ப்ளைன்ட் கொடுக்கும் விதம்

"நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதில்தான் முடியும். இப்படிச் சொல்லுங்கள்: "பிளான் 100. லேன் ஒயர்ல காலைல 94, நைட்டு ஒன்பதரைக்கு 15. மூணு நாள் ஸ்கிரீன்ஷாட் இருக்கு. லாஸ் லைட் எரியல. ஆளை அனுப்பி பவர் செக் பண்ணச் சொல்லுங்க." இவ்வளவு சொன்னால் பேச்சு மாறும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். அதை டாக்கெட் நம்பர் என்பார்கள். லைன்மேனின் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் இருக்காது. இரண்டையும் செய்யுங்கள்.

இணைப்பே இல்லாமல் கிடந்தால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி உங்களுக்கு வாடகைத் தள்ளுபடி உண்டு. பழுது 3 நாளைத் தாண்டி 7 நாளுக்குள் சரியானால் 7 நாள் வாடகை, 15 நாள் வரை இழுத்தால் 15 நாள் வாடகை, அதையும் தாண்டினால் ஒரு மாத வாடகை. கேட்காமல் தருபவர்கள் குறைவு, எழுதிக் கேளுங்கள்.

பதில் திருப்தி இல்லையென்றால் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு டிராய் விதி. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேராக எடுத்துக்கொள்ளாது, அங்கே எழுதி நேரத்தைக் கழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்புச் சேவைக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிளான் விற்க வரும் போன் அழைப்புகள்

பெரும்பாலும் ரீசார்ஜ் முடிவதற்கு நாலைந்து நாள் முன்பு வரும். "உங்க பழைய பிளான் குளோஸ் ஆகுது", "இன்னிக்கு நைட்டு வரைக்கும்தான் இந்த ஆஃபர்", "ஆறு மாசம் மொத்தமா கட்டினா ரவுட்டர் ஃப்ரீ", "பன்னெண்டு ஓடிடி சேர்த்துத் தர்றோம்". பதற வேண்டாம். "எழுத்துல மெசேஜ் அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். உண்மையான சலுகை என்றால் நாளைக்கும் எழுத்தில் இருக்கும்.

முக்கியமாக ஓடிபி. "வெரிஃபிகேஷனுக்குத்தான்" என்று கேட்பார்கள். அந்த ஆறு எண்ணைச் சொன்னால் பிளானை மாற்ற நீங்கள் சம்மதித்ததாக ஆகிவிடும். போனில் யாருக்கும் சொல்லாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் போனை எடுப்பார்கள் என்றால் அவர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி வையுங்கள். எங்கள் ஆயாவுக்கு நான் காலண்டர் அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காததைப் பில்லில் சேர்ப்பது, சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் வைப்பது இவையெல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் அடங்கும். ஆப்பில் பணம் கட்டும்போது ஏற்கெனவே டிக் போட்டிருக்கும் கூடுதல் சேவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

விலை சொல்லும்போது 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்க்காமல்தான் சொல்வார்கள். 499 என்றால் கையை விட்டுப் போவது 588 ரூபாய் 82 காசு. 699 என்றால் 825. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு விலையும் பிறகு வேறு விலையும் உண்டா என்று கேளுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் கேட்க வேண்டியது

கம்பெனி பெயரைவிட உங்கள் தெருவில் அந்த லைனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது பெரிது. பல இடங்களில் நமக்குப் பழக்கமான கேபிள்காரர்தான் பெரிய கம்பெனியின் பெயரில் இணைப்பு தருகிறார். பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் போய், "மழைல கட்டானா எத்தனை நாள்ல வர்றாங்க?" என்று கேளுங்கள். மாதவரம், பெரம்பூர் பக்கம் மெட்ரோ வேலைக்கும், மற்ற இடங்களில் மழைநீர் வடிகாலுக்கும் தோண்டியதில் ஃபைபர் அறுந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அறுந்ததை எவ்வளவு வேகமாக ஒட்டித் தருகிறார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு கேள்வி: வீட்டுக்குள் வருவது ஃபைபரா, தெருப் பெட்டியிலிருந்து வரும் லேன் ஒயரா? ஃபைபர் என்றால் நடுவில் உள்ள பிரிப்பான்களுக்குக் கரன்ட் தேவையில்லை. ஆபரேட்டர் அறையில் பேட்டரி இருந்து, உங்கள் பாக்ஸுக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் கரன்ட் போனாலும் நெட் ஓடும். யுபிஎஸ் வாங்கும் முன் பாக்ஸின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தெருப் பெட்டி வகை என்றால் அந்தப் பெட்டிக்கே கரன்ட் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வியாசர்பாடி, புளியந்தோப்பு தெருக்களில் தண்ணீர் நின்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். பாக்ஸையும் பிளக் பாயின்ட்டையும் தரையிலிருந்து நல்ல உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

முதல் முறையே ஒரு வருடத்துக்குக் கட்டாதீர்கள். ஒரு மாதம், அதிகம் போனால் மூன்று மாதம். இன்ஸ்டலேஷன் கட்டணம் எவ்வளவு, டெபாசிட் திரும்புமா, பாக்ஸ் யாருடையது என்பதை மெசேஜில் வாங்கி வையுங்கள்.

கம்பெனி மாறும்போது பழையதை உடனே நிறுத்த வேண்டாம். புது இணைப்பை ஒரு வாரம் ஓட்டி, அதே காலை ஆறு, இரவு ஒன்பதரை அளவுகளை எடுத்துப் பார்த்த பிறகு நிறுத்துங்கள். பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும், அடாப்டரோடு சேர்த்துப் பாக்ஸையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டவரிடம் தேதியோடு ஒரு ரசீதோ, குறைந்தபட்சம் "பாக்ஸ் வாங்கிக்கொண்டேன்" என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜோ கேளுங்கள். டெபாசிட் கணக்கில் வந்து சேரும் வரை அதை அழிக்க வேண்டாம்.